எம்.யூ.என்.னுக்கு மாணவர்களைத் தயார் செய்வது: அமெரிக்க வழியா, ஹேக் வழியா, ஐ.நா. வழியா?

பள்ளியில் எம்.யூ.என். பொறுப்பு ஒரு ஆசிரியரின் தலையில் வந்து விழுந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "எங்கிருந்து தொடங்குவது?" என்பதுதான். எம்.யூ.என். என்றால் மாதிரி ஐ.நா.: மாணவர்கள் ஆளுக்கொரு நாட்டின் பிரதிநிதியாக அமர்ந்து, ஐ.நா.வில் போல விவாதித்துத் தீர்மானம் எழுதும் மாநாடு. இந்த மாநாடுகள் உலகம் முழுக்க நடந்தாலும் நடைமுறை எல்லா இடத்திலும் ஒன்றல்ல. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் வளர்ந்த வழி ஒன்று. நெதர்லாந்தின் ஹேக் நகரில் 1968 முதல் நடந்துவரும் திமுன் மாநாட்டின் வழி இன்னொன்று. உண்மையான ஐ.நா.வில் வேலை எப்படி நடக்கிறதோ அதையே பள்ளிக்குக் கொண்டுவர ஐ.நா. தகவல் துறை உருவாக்கிய வழி மூன்றாவது. இந்த மூன்றாவதை விளக்கி ஐ.நா.வே 2020ல் ஒரு கையேடும் வெளியிட்டது.

போகப்போகிற மாநாட்டின் விதிமுறையிலேயே முதல் நாளிலிருந்து பழக்குவதுதான் பெரும்பாலான பள்ளிகளின் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. விதிமுறையை ஒரு வாரத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம். ஆனால் பேசுவதில் தொடங்கிய பிள்ளை ஒரு மாதிரியும், படிப்பதில் தொடங்கிய பிள்ளை வேறு மாதிரியும், பேரம் பேசுவதில் தொடங்கிய பிள்ளை இன்னொரு மாதிரியும் உருவாகிறார்கள். எந்த விதிமுறை நல்லது என்பதைவிட, எதிலிருந்து தொடங்கினால் என்ன கிடைக்கும் என்று பார்ப்பதே பயனுள்ள ஒப்பீடு.

மேடையில் தொடங்கும் அமெரிக்க வழி

இந்தியப் பள்ளிகளில் அதிகம் புழங்குவது இதுதான். காலையில் பெயர் கூப்பிடும்போது "ப்ரசென்ட்" என்றோ "ப்ரசென்ட் அண்ட் வோட்டிங்" என்றோ சொல்ல வேண்டும். இரண்டாவதைச் சொன்னவர் தீர்மான வாக்கெடுப்பில் நடுநிலை வகிக்க முடியாது. அப்புறம் ஜி.எஸ்.எல். எனும் பேச்சாளர் பட்டியல், ஆளுக்குச் சுமார் 90 விநாடி. நடுவில் யாராவது எழுந்து மாடரேட்டட் காகஸ் (சுருக்கமாக மாட்), அதாவது ஒரு துணைத் தலைப்பில் குறுகிய விவாதம் கேட்பார்: தலைப்பு இது, மொத்தம் இத்தனை நிமிடம், ஆளுக்கு இத்தனை விநாடி. அன்மாட் எனும் அன்மாடரேட்டட் காகஸ் வந்துவிட்டால் எல்லோரும் இருக்கையை விட்டு எழுந்து, கூட்டம் கூட்டமாக நின்று தீர்மான வரைவு எழுதுவார்கள். வீட்டிலேயே எழுதி எடுத்துவருவதற்குப் பொதுவாகத் தடை. கடைசியில் பெஸ்ட் டெலிகேட் முதலான பரிசுகள்.

இதன் நன்மையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். வகுப்பில் வாயே திறக்காத பெண், நாட்டின் பெயர் எழுதிய பிளக்கார்டைத் தூக்கி எழுந்து நின்று ஒரு நாட்டின் பெயரால் பேசும்போது அவள் குரலில் வரும் மாற்றத்தை வேறு எந்தப் பள்ளி நிகழ்ச்சியிலும் நான் பார்த்ததில்லை. "நான்" என்று சொல்லாமல் "எங்கள் நாடு" என்று சொல்ல வேண்டியிருப்பதே பயத்தில் பாதியைக் குறைத்துவிடுகிறது.

ஆனால் பரிசு இருக்கும் இடத்தில் பேச்சு நடுவரைப் பார்த்தே போகும். தன் முறை எப்போது வரும் என்று காத்திருக்கும் பிள்ளைக்கு மற்றவர் பேசுவது காதில் விழாது. இங்கே, ஐ.நா.வில் இந்தியாவுக்காகப் பேசிய கிருஷ்ண மேனனைச் சொல்லியாக வேண்டும். காஷ்மீர் பற்றி 1957 ஜனவரி 23, 24 தேதிகளில் அவர் பாதுகாப்பு அவையில் ஏறக்குறைய எட்டு மணி நேரம் பேசியதை மாணவர்கள் வியந்து சொல்வார்கள். வியப்புக்குரியதுதான். அதன் பிறகு வாக்கு என்ன ஆனது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. ஜனவரி 24 அன்று இந்தியா விரும்பாத தீர்மானம் பத்துக்குப் பூஜ்யம் என்று நிறைவேறியது. சோவியத் யூனியன் மட்டும் நடுநிலை வகித்தது. அடுத்த மாதம் 20ஆம் தேதி இன்னொரு வரைவு வந்தபோது அதைத் தடுத்து நிறுத்தியது சோவியத் வீட்டோ, அதாவது நிரந்தர உறுப்பினருக்கு உள்ள தடை வாக்கு. அப்போது இந்தியா அவையின் உறுப்பினராகக்கூட இல்லை. நீண்ட பேச்சு வரலாற்றில் நின்றது. வாக்கைத் திருப்பியது நட்பு நாடு. முதல் வகுப்பிலேயே இந்த இரண்டு வாக்குகளையும் பலகையில் எழுதிக் காட்டிவிட்டால், பேச்சுப் பயிற்சி எவ்வளவு தேவை, எவ்வளவு போதும் என்பது பிள்ளைகளுக்கே விளங்கிவிடும்.

வீட்டுப்பாடத்தில் தொடங்கும் ஹேக் வழி

திமுன் வழியில் மாணவர் வரைவுத் தீர்மானத்தை எழுதி எடுத்துக்கொண்டே போக வேண்டும். தொடக்கத்தில் லாபியிங்: ஒரே கருத்துள்ளவர்கள் சேர்ந்து வரைவுகளை ஒன்றாக்கி, இணை முன்மொழிபவர்களின் பெயர்களைத் திரட்டி, சரிபார்ப்புக் குழுவிடம் கொடுப்பார்கள். அதன் பிறகே விவாதம், கேள்விகள், திருத்தங்கள். மாடரேட்டட் காகஸ் கிடையாது. பரிசும் கிடையாது.

படிப்பு என்று வந்தால் இந்த வழிக்கு ஈடில்லை. முன்னுரைப் பத்திகளில் பழைய தீர்மானங்களைக் குறிப்பிட வேண்டும். செயல் பத்திகளில் யார், எந்தப் பணத்தில், எதைச் செய்வது என்று எழுத வேண்டும். நாட்டின் நிலைப்பாடு தெரியாமல் ஒரு பத்தி நகராது.

நிலைப்பாட்டை எங்கே தேடுவது? விக்கிப்பீடியாவில் இருந்து தொடங்காதீர்கள், வாக்குப் பதிவில் இருந்து தொடங்குங்கள். ஐ.நா.வின் இணைய நூலகத்தில் எந்த நாடு எந்தத் தீர்மானத்துக்கு எப்படி வாக்களித்தது என்பது இலவசமாகவே கிடைக்கிறது. நான் வகுப்பில் முதலில் எடுப்பது உக்ரைன். 2022 பிப்ரவரி 25 அன்று பாதுகாப்பு அவையில் 11 நாடுகள் ஆதரித்தும் ரஷ்யாவின் ஒரே எதிர்வாக்கால், அதாவது வீட்டோவால், ரஷ்யப் படையெடுப்பைக் கண்டிக்கும் வரைவு வீழ்ந்தது. சீனா, இந்தியா, ஐக்கிய அரபு அமீரகம் நடுநிலை. இரண்டு நாள் கழித்து, பொதுச் சபையின் அவசரக் கூட்டத்தைக் கூட்டலாம் என்ற தீர்மானத்திலும் அதே 11, 1, 3. ஆனால் அது நடைமுறை சார்ந்த தீர்மானம் என்பதால் வீட்டோ செல்லாது, நிறைவேறிவிட்டது. மார்ச் 2 அன்று படையெடுப்பைக் கண்டிக்கும் தீர்மானத்துக்குப் பொதுச் சபையில் ஆதரவு 141, எதிர்ப்பு 5, நடுநிலை 35.

"மிஸ், இந்தியா ஏன் ஓட்டே போடல?" என்று எப்போதும் ஒரு பிள்ளை கேட்கும். அந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பயிற்சி. அன்று இந்தியாவின் நிரந்தரப் பிரதிநிதியாக இருந்த டி.எஸ். திருமூர்த்தி கொடுத்த வாக்கு விளக்கத்தை எடுத்துப் படிக்கச் சொல்வேன். உக்ரைனில் சிக்கிக்கொண்ட இந்திய மாணவர்களைப் பத்திரமாக வெளியேற்றுவது, போர்நிறுத்தம், பேச்சுவார்த்தை என்று அதில் காரணங்கள் வரிசையாக இருக்கின்றன. பக்கத்திலேயே இலங்கையும் பாகிஸ்தானும் தென்னாப்பிரிக்காவும் நடுநிலை வகித்ததைக் காட்டி, எல்லோருக்கும் காரணம் ஒன்றாக இருக்குமா என்று கேட்டால் போதும், அந்த வாரத்துக்கான வேலை அவர்களுக்குக் கிடைத்துவிட்டது.

ஹேக் வழியின் குறை, எழுதியது யார் என்பதில் இருக்கிறது. வீட்டில் எழுதும் வரைவை அண்ணன் எழுதலாம், கட்டணப் பயிற்சியாளர் எழுதலாம், இப்போது செயற்கை நுண்ணறிவு அரை நிமிடத்தில் எழுதித் தரும். வரைவு வழவழவென்று இருக்கும். மூன்றாவது செயல் பத்தியில் சொன்ன நிதியை யார் நிர்வகிப்பார்கள் என்று கேட்டால் பிள்ளை திணறிப்போகும். இன்னொன்றும் உண்டு: வரைவுகளை ஒன்றாக்கும்போது குரல் பெரிதாக உள்ளவரின் தாள் மேலே வந்துவிடுகிறது. நன்றாகப் படித்து எழுதிய அமைதியான பிள்ளையின் பத்தி கடைசியில் ஒரு வரியாகச் சுருங்கிவிடும். கற்றுக்கொடுக்காமல் அனுப்பினால் அந்தப் பிள்ளைக்கு அது பெரிய வேதனை.

பலகையில் தொடங்கும் ஐ.நா. வழி

பொதுச் சபையில் பெரும்பாலான தீர்மானங்கள் வாக்கெடுப்பே இல்லாமல் ஒருமித்த கருத்தில்தான் நிறைவேறுகின்றன. மூன்றாவது வழி அதை அடிப்படையாகக் கொண்டது. ஒரே வரைவு எல்லோர் முன்னும் இருக்கும். வரிவரியாகப் பேசித் திருத்துவார்கள். ஒப்புக்கொள்ளாத சொற்கள் சதுர அடைப்புக்குறிக்குள் போகும். அடைப்புக்குறிகளை ஒவ்வொன்றாக நீக்குவதுதான் வேலை.

இதற்கு நான் எடுத்துக்கொள்வது பிளாஸ்டிக் ஒப்பந்தம். 2022 மார்ச்சில் நைரோபியில், பிளாஸ்டிக்கின் முழு வாழ்நாளையும் கணக்கில் கொண்டு ஒப்பந்தம் போடுவோம் என்று முடிவெடுத்தார்கள். 2024 இறுதியில் பூசானிலும் 2025 ஆகஸ்டில் ஜெனீவாவிலும் பேச்சு முடியாமலே கலைந்தது. நார்வேயும் ருவாண்டாவும் முன்னின்று நடத்தும் கூட்டணி உற்பத்தியிலேயே கை வைக்க வேண்டும் என்கிறது. சவூதி அரேபியா போன்ற எண்ணெய் நாடுகள் கழிவு மேலாண்மையோடு நிறுத்தச் சொல்கின்றன. உற்பத்திக்கு உச்சவரம்பு வேண்டாம், முடிவுகள் ஒருமித்த கருத்தில்தான் எடுக்கப்பட வேண்டும் என்பது இந்தியாவின் நிலை.

பலகையில் ஒரே ஒரு வரி எழுதுவேன்: "2040க்குள் புதிய பிளாஸ்டிக் உற்பத்தியைக் குறைக்க எல்லா நாடுகளும் இலக்கு நிர்ணயிக்கும்." சவூதி "உற்பத்தி"யை அடைப்புக்குறிக்குள் போடச் சொல்லும். இந்தியா "எல்லா நாடுகளும்" என்பதில் கை வைத்து, "தத்தம் சூழலுக்கேற்ப" என்று சேர்க்கச் சொல்லும். அதைச் சேர்த்தால் வரியில் ஒன்றும் மிஞ்சாது என்று ருவாண்டா எகிறும். ஃபிஜி தரப்பட்ட பிள்ளை, கடலில் வந்து சேரும் குப்பைக்கு யார் பணம் தருவார் என்ற கேள்வியையே யாரும் தொடவில்லை என்று கண்டுபிடிக்கும். ஒரு மணி நேரத்தில் அந்த ஒரு வரி முடியாது. ஆனால் "சரி, நீங்கள் இதை விட்டால் நாங்கள் அதை விடுகிறோம்" என்ற பேச்சு தானாக வந்துவிடும். எதிராளி சொன்னதைக் கவனமாகக் கேட்காதவர் இதில் அரை நிமிடம்கூட தாக்குப்பிடிக்க முடியாது.

இந்த வழியில் எனக்கு மிகவும் பிடித்தது, பயிற்சியைத் தமிழில் நடத்த முடிவது. ஆங்கிலத்தில் தடுமாறும் பிள்ளை தமிழில் அபாரமாகப் பேரம் பேசும். முதல் சில வாரங்கள் தமிழில் பேசி, நிலைப்பாடு மனதில் ஊறிய பிறகு ஆங்கிலத்துக்கு மாறினால், தெரிந்த விஷயத்தைச் சொல்லச் சொற்கள் தேடினால் போதும். ஐ.நா.விலேயே ஆறு அதிகாரபூர்வ மொழிகளுக்கு வெளியே பேசலாம், மொழிபெயர்ப்புக்குப் பேசுபவரே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்; வாஜ்பாய் 1977ல் வெளியுறவு அமைச்சராக இந்தியில் பேசியது அப்படித்தான். அரசுப் பள்ளி ஆசிரியர்கள் "இது நம் பிள்ளைகளுக்கு இல்லை" என்று ஒதுங்கத் தேவையே இல்லை.

குறைகள்? பொதுமக்களுக்கு முன் பேசும் துணிச்சல் இதில் மெதுவாகத்தான் வரும். பார்க்கிறவர்களுக்குச் சுவாரசியம் குறைவு. எல்லோரையும் திருப்திப்படுத்தி ஒன்றுமில்லாத தீர்மானத்தில் போய் நிற்கும் ஆபத்தும் உண்டு, ஆசிரியர் நடுவில் புகுந்து "இந்த வரியால் நாளை என்ன மாறும்?" என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டோ உள்ள பாதுகாப்பு அவைக்கும், திடீர் நெருக்கடிகளுக்கு உடனுக்குடன் முடிவெடுக்கும் நெருக்கடிக் குழுக்களுக்கும், நம் ஊர் மாநாடுகளில் வரும் அனைத்துக் கட்சிக் கூட்டத்துக்கும் இது அப்படியே பொருந்தாது. அங்கே அமெரிக்க வழியின் வேகம் வேண்டும்.

எந்த நாடு கிடைத்தால் எந்தப் பயிற்சி

நாடு ஒதுக்கீடு வந்ததும் அமெரிக்காவோ ரஷ்யாவோ இந்தியாவோ கிடைக்கவில்லை என்று பிள்ளைகள் முகம் வாடுகிறார்கள். மேடையில் தொடங்கிய பிள்ளைகளிடம் இந்த வாட்டம் அதிகம். அவர்களுக்கு வனுவாட்டுவைச் சொல்லுங்கள். மூன்று லட்சத்தைச் சுற்றி மக்கள்தொகை கொண்ட பசிபிக் தீவு நாடு. தென் பசிபிக் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்த 27 மாணவர்கள் 2019ல், பருவநிலை விஷயத்தில் நாடுகளுக்குள்ள கடமை என்ன என்று சர்வதேச நீதிமன்றத்திடமே கேட்கலாம் என்று யோசனை சொன்னார்கள். வனுவாட்டு அதைக் கையில் எடுத்தது. 18 நாடுகளின் மையக் குழு சேர்ந்து வரைவைச் செதுக்கியது. 2023 மார்ச் 29 அன்று 132 நாடுகள் இணைந்து முன்மொழிய, பொதுச் சபையில் அது வாக்கெடுப்பின்றி நிறைவேறியது. 2025 ஜூலை 23 அன்று நீதிமன்றம் தன் ஆலோசனைக் கருத்தைச் சொல்லிவிட்டது. சிறிய நாடு கிடைத்த பிள்ளைக்கு ஐ.நா. வழிப் பயிற்சி கிடைத்தால் அந்த நாட்டை வைத்தே அறையை நடத்தலாம். பெரிய நாடு கிடைத்தவருக்கு ஹேக் வழி வீட்டுப்பாடம்தான் முதல் தேவை; அவரிடம்தான் எல்லோரும் பழைய வாக்குகளைக் காட்டிக் கேள்வி கேட்பார்கள்.

என் தேர்வு வெளிப்படையானது. மாநாடு எந்த விதியில் நடந்தாலும், பயிற்சி நாட்களில் பாதியைப் பலகைக்குக் கொடுங்கள். வாக்குப் பதிவும் வாக்கு விளக்கமும் படிக்கும் வேலை அதோடு கூடவே நடக்கட்டும். வரைவை வகுப்பிலேயே கையால் எழுதச் சொல்லுங்கள். ஜி.எஸ்.எல்., மாட், அன்மாட் எல்லாம் கடைசி வாரத்துக்குப் போதும். அதற்குள் சொல்ல விஷயம் இருப்பதால் 90 விநாடியில் என்ன சொல்வது என்ற திணறல் இருக்காது, எதை விடுவது என்ற குழப்பம்தான் இருக்கும்.

முதல் மாநாட்டுக்கு மட்டும், முடிந்தால் பரிசு இல்லாததாகப் பாருங்கள். அருகில் அப்படி ஒன்று இல்லையென்றால் இரண்டு மூன்று பள்ளிகள் சேர்ந்து ஒரு சனிக்கிழமை நடத்திக்கொள்ளலாம். 193 நாடுகளும் வேண்டாம். பிளாஸ்டிக் வரைவுக்குப் பன்னிரண்டு பேர், ஒரு பெரிய பலகை, வரைவைப் பிரதி எடுத்த தாள்கள் இருந்தால் போதும். கோட்டும் டையும் அடுத்த மாநாட்டுக்கு வாங்கிக்கொள்ளலாம்.