கம்பத்துக் கோழிக்கு எது சரி: புரோபயோடிக்கா, பிரீபயோடிக்கா?

இன்குபேட்டரில் பொரித்த குஞ்சு தாய்க்கோழியோடு சேர்ந்து தரையைக் கிளறியதே இல்லை. சுங்கை சிப்புட் பக்கம் பெட்டியில் வந்து இறங்கும்போது அதன் குடல், ஆள் குடியேறாத லயத்து வீடு மாதிரி. நல்ல நுண்ணுயிர் முந்திக்கொண்டால் இடம் அதற்கு, சல்மோனெல்லா என்ற நோய்க்கிருமி முந்திக்கொண்டால் அதற்கு. பின்லாந்தின் ஆய்வாளர்கள் நுர்மியும் ரன்டாலாவும் 1973-இல் இதைக் காட்டினார்கள். நோயில்லாத வளர்ந்த கோழியின் குடலில் இருந்ததைக் குஞ்சுகளுக்குக் கொடுத்தபோது சல்மோனெல்லாவுக்குப் பெரும்பாலும் இடம் கிடைக்கவில்லை.

அதனால் முதல் வாரத்தில் புரோபயோடிக், அதாவது உயிருள்ள நல்ல நுண்ணுயிர்தான், சந்தேகமே வேண்டாம். பிரீபயோடிக் என்பது குடலில் ஏற்கெனவே இருக்கும் நல்ல நுண்ணுயிருக்குத் தீனி. வீட்டில் ஆளே இல்லாதபோது யாருக்குச் சோறு போடுவது?

புரோபயோடிக்கிலும் இரண்டு வகை உண்டு, கடையில் இதைக் கேட்டு வாங்க வேண்டும். லாக்டோபேசிலஸ் லாக்டிக் அமிலம் சுரந்து கெட்ட கிருமியை அடக்கும், ஆனால் சூடு தாங்காது. அதைத் தண்ணீரில்தான் கொடுக்க வேண்டும். பேசிலஸ் சப்டிலிஸ் வித்து வடிவில் (கடின உறைக்குள் உறங்கும் நிலையில்) இருப்பதால் பெல்லட் தீவனம் செய்யும் சூட்டையும் தாங்கும். அதைத் தீவனத்தில் கலக்கலாம், நாளும் தவறாமல் கொடுக்கவும் சுலபம்.

தண்ணீரில் கொடுப்பவர்கள் தோற்பது பெரும்பாலும் குழாய்த் தண்ணீரின் குளோரினால். மருந்து பாக்கெட்டில் உயிரோடு இருந்து, குவளையில் செத்துவிடும். லிட்டருக்கு 2.5 கிராம் கொழுப்பு நீக்கிய பால்மாவைக் கரைத்து, 20 நிமிடம் விட்டு, பிறகு கலக்குங்கள். குஞ்சுகள் 4 மணி நேரத்தில் குடித்து முடிக்கும் அளவு போதும். நம் வெயிலில் அதற்கு மேல் வைத்தால் குவளையே கிருமிக் கூடம். முதல் நாளிலிருந்து 3 முதல் 5 நாள் கொடுங்கள். ஆன்டிபயாடிக் கொடுக்கும் நாட்களில் கொடுத்தால் காசுதான் கரையும். அந்த மருந்து முடிந்த பிறகு மீண்டும் தொடங்குங்கள்.

பேசிலஸ் வாங்கினால் லேபிளைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள். கிராமுக்கு 1 பில்லியன் உயிர் என்றிருந்தால், கிலோ தீவனத்துக்கு 1 கிராம் போடும்போது ஒவ்வொரு கிராம் தீவனத்திலும் 1 மில்லியன் சேரும். 50 கிலோ மூட்டைக்கு 50 கிராம். அப்படியே கொட்டிக் கிளறினால் ஒரு கோழிக்கு நிறைய, இன்னொன்றுக்கு ஒன்றுமில்லை. முதலில் 1 கிலோ தீவனத்தில், பிறகு 5 கிலோவில், கடைசியில் முழு மூட்டையில் கலக்க வேண்டும்.

இரண்டாவது வாரத்திலிருந்து பிரீபயோடிக்கின் பக்கம் தராசு சாயும். எல்லா பிரீபயோடிக்கும் ஒன்றல்ல. இனுலின், எஃப்.ஓ.எஸ். போன்ற சர்க்கரைச் சங்கிலிகள் நல்ல நுண்ணுயிரின் தீனி. அளவு மீறினால் எச்சம் இளகி, கூளம் ஈரமாகும். ஈரக் கூளத்தில் இ.கோலை என்ற கிருமி பெருகும், காக்சிடியா என்ற குடல் ஒட்டுண்ணியின் முட்டைகள் நோய் பரப்பும் நிலைக்கு முதிரும், வைத்தியமே வினையாகிவிடும். ஈஸ்ட்டின் செல் சுவரிலிருந்து எடுக்கும் எம்.ஓ.எஸ். (மானன் என்ற சர்க்கரைச் சங்கிலியின் துண்டு) வேறு வழியில் வேலை செய்கிறது. சல்மோனெல்லாவிலும் இ.கோலையிலும் பல வகைகள் குடல் சுவரின் மானோஸ் சர்க்கரையைப் பிடித்து ஒட்டுகின்றன. எம்.ஓ.எஸ். அந்தப் பிடியைத் தன்பக்கம் இழுத்து, கிருமியை எச்சத்தோடு வெளியேற்றும். டன்னுக்கு 1 கிலோ, அதாவது மூட்டைக்கு 50 கிராம். உயிரில்லாத பொருள் என்பதால் குளோரினோ ஆன்டிபயாடிக்கோ அதைக் கெடுக்காது. தகரக் கூரை ஸ்டோரிலும் தாங்கும், ஈரம் படாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஒரு பொருளுக்குத்தான் காசு என்றால், வளர்ந்த கோழிக்கு நாங்கள் சொல்வது இதைத்தான்.

செம்பனைக் கொட்டைப் பிண்ணாக்கிலும் மானன் இருக்கிறதே என்று கேட்பார்கள். இருக்கிறது, ஆனால் நீண்ட சங்கிலியாக, வேறு பிணைப்பில். என்சைம் இல்லாமல் கோழியால் அதை உடைக்க முடியாது. அதை எம்.ஓ.எஸ்.ஸுக்கு ஈடாக நம்பாதீர்கள்.

கேம்பிலோபேக்டர் (கோழி இறைச்சி வழியாக மனிதருக்கு வயிற்றுப்போக்கு தரும் கிருமி) விஷயத்தில் இரண்டுமே பலவீனம்தான். பலன் பண்ணைக்குப் பண்ணை மாறுகிறது. அதற்கு வாசலில் செருப்பு மாற்றுவதும், ஈயும் எலியும் வராமல் தடுப்பதும்தான் கைகொடுக்கும்.

அறுப்புக்குக் கோழி பிடிக்கும் நாளையும் மறக்க வேண்டாம். தீனியை நிறுத்திய 8 முதல் 12 மணி நேரத்தில் பசியோடு இருக்கும் கோழி கூளத்தைக் கொத்தும், எச்சத்திலிருக்கும் சல்மோனெல்லா நேரே தீனிப்பைக்குள் போகும். அன்றைக்கு எந்தப் பொடியும் உதவாது. கூளம் உலர்ந்திருக்கட்டும், பிடிக்கும் வரை தண்ணீர் இருக்கட்டும்.