ஸ்க்ரூ எக்ஸ்ட்ராக்டர் செட்: சில வருடம் பயன்படுத்திய பிறகு

விளையாட்டுச் சாமான்களில் தலை மழுங்கிப்போன ஸ்க்ரூவைக் கழற்ற எக்ஸ்ட்ராக்டர் செட் வாங்கலாமா என்றால், வாங்கலாம். ஆனால் எக்ஸ்ட்ராக்டருக்காக வேண்டாம். சில செட்டுகளில் கூடவே இடது பக்கம் சுற்றித் துளைக்கும் டிரில் பிட்டுகள் வரும். அப்படி வரும் செட்டாகப் பார்த்து வாங்குங்கள். இன்லைன் ஸ்கேட், சைக்கிள் ஷூவின் கிளீட் (ஷூவைப் பெடலோடு பூட்டும் அடித்தகடு), டிஸ்க் பிரேக் ரோட்டர் (பிரேக் பிடிக்கும் வட்டத் தகடு), உடற்பயிற்சி பெஞ்ச் என்று கையில் சிக்கிய எல்லாவற்றிலும் என் செட்டைப் போட்டுப் பார்த்துவிட்டேன். அதிகம் தேய்ந்திருப்பது அந்த பிட்டுகள்தான். எக்ஸ்ட்ராக்டர்களில் பாதி இன்னும் புதுசு போலவே இருக்கின்றன.

காரணம் எளிது. எக்ஸ்ட்ராக்டர் என்பது எதிர்த் திசை மரை வெட்டிய கூம்பு. ஸ்க்ரூவின் நடுவில் துளை போட்டு, அதில் இதை இடப்பக்கமாகத் திருகினால், கடித்துக்கொண்டு ஸ்க்ரூவையும் சேர்த்துச் சுழற்ற வேண்டும். ஆனால் கூம்பு உள்ளே இறங்க இறங்க ஸ்க்ரூவின் உடம்பை வெளிப்பக்கமாக விரிக்கவும் செய்கிறது. ஏற்கெனவே மரையில் இறுகிக் கிடப்பது இன்னும் இறுகும். ஷூவிலும் சைக்கிளிலும் நாம் பார்ப்பது பெரும்பாலும் எம்5, அதாவது 5 மிமீ விட்டமுள்ள போல்ட். அதற்குள் போகிற எக்ஸ்ட்ராக்டர் எவ்வளவு ஒல்லியாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கடினப்படுத்திய எஃகு வளையாது, பட்டென்று ஒடியும். உள்ளே ஒடிந்துவிட்டால் சாதாரண டிரில் பிட் அதன்மேல் வழுக்கிக்கொண்டே இருக்கும். அதற்கப்புறம் பட்டறைதான் கதி.

இடது சுற்று பிட்டின் அழகே வேறு. அது துளைக்கிற திசையும் ஸ்க்ரூ கழலுகிற திசையும் ஒன்று. துளைப்பதால் வரும் சூடும் அதிர்வும் சேர்ந்து, பாதித் துளை போடும்போதே பல ஸ்க்ரூக்கள் தானாகச் சுழன்று வந்துவிடுகின்றன. டிரில்லை ரிவர்ஸில் போட்டு, மெதுவான வேகத்தில், நன்றாக அழுத்தி ஓட்ட வேண்டும். அதற்கு முன்னால் சென்டர் பஞ்ச் என்ற கூர்முனைக் கருவியை வைத்துத் தட்டி நடுவில் ஒரு சின்னக் குழி போடுவது அவசியம். இல்லாவிட்டால் பிட் ஓரத்துக்கு நழுவி அலுமினியத்தைத் தின்னும்.

ஆனால் இந்த இடம் வரை வருவதற்கு முன்னால் செய்து பார்க்க வேண்டியவை நிறைய. முதலில் தலையில் கீ நுழையும் குழியைச் சுத்தம் செய்யுங்கள். கிளீட் போல்ட்டில் நாம் நடந்து நடந்து மண்ணும் பொடிக்கல்லும் கெட்டித்திருக்கும். ஊசியால் நோண்டி எடுத்தால், மழுங்கிவிட்டது என்று நினைத்தது சில நேரம் மழுங்கவே இல்லை. அலன் கீ (அறுகோணச் சாவி) பாதி ஆழம்தான் போயிருக்கிறது. அப்புறம் முனை தேய்ந்த அலன் கீயைத் தூர வையுங்கள். குழிகள் வட்டமாவதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

நட்சத்திரத் தலை என்றால், அது எந்த நட்சத்திரம் என்று பாருங்கள். பனிச்சறுக்குப் பலகையில் பூட்ஸைப் பிடிக்கும் பைண்டிங்கின் ஸ்க்ரூக்கள் பெரும்பாலும் போசிடிரைவ் வகை. கூட்டல் குறியின் கைகளுக்கு நடுவே மெல்லிய நான்கு கோடுகள் தெரியும். ஜப்பானிய ஜேஐஎஸ் தலையில் பெரும்பாலும் ஒரு சிறு புள்ளி இருக்கும். இரண்டிலும் சாதாரண பிலிப்ஸ் திருப்புளியைப் போட்டால் ஏறி வழுக்கும், தலை போகும். சரியான பிட் கையில் இருந்தால் இந்தப் பதிவுக்கே வேலை இல்லை.

அறுகோணக் குழி வட்டமாகிவிட்டால் எனக்கு அதிகம் கைகொடுத்தது டார்க்ஸ், அதாவது ஆறு முனை நட்சத்திர பிட். டி25, டி27 என்பவை அதன் அளவுகள். 4 மிமீ அலன் குழிக்கு மூலைக்கு மூலை சுமார் 4.6 மிமீ வரும். டி25 அதைவிடச் சற்றுச் சிறியது, டி27 சுமார் 5 மிமீ. கொஞ்சமாகத் தேய்ந்திருந்தால் டி25 போதும். நன்றாகத் தேய்ந்திருந்தால் டி27-ஐ வைத்துச் சுத்தியலால் தட்டி இறக்க வேண்டும்; முனைகள் உலோகத்தைச் செதுக்கிக்கொண்டு உட்காரும். ஸ்கேட் ஆக்சில்களில் (சக்கர அச்சுகளில்) இந்த முறை என்னை ஏமாற்றியது அபூர்வம். தட்டும்போது பிரேமுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்துவிடுங்கள். இரண்டு துண்டு ஆக்சில் என்றால் எதிர்ப்பக்கமும் கூடவே சுற்றும், அதை இன்னொரு கீயால் பிடிக்காமல் எவ்வளவு திருகினாலும் பயனில்லை.

ரப்பர் பேண்டைத் தலைக்கும் திருப்புளிக்கும் நடுவில் வைக்கும் உபாயத்தை எல்லோரும் சொல்வார்கள். லேசாக இறுகியதற்குச் சரி. மரைப் பசை (மரை தளராமல் பிடிக்கும் பசை) போட்ட ரோட்டர் போல்ட்டில் ரப்பர் துண்டு துண்டாகக் கிழிந்ததுதான் மிச்சம்.

தலை வெளியே துருத்திக்கொண்டிருந்தால் இவை எதுவும் வேண்டாம், குறடு போதும். சாதாரணக் குறட்டின் பற்கள் குறுக்காக இருக்கும், வட்டத் தலையில் வழுக்கும். ஜப்பானின் இன்ஜினியர் நிறுவனத்து நெஜி-சாரஸ் மாதிரிக் குறடுகளில் வாய் நுனியில் நெடுக்குப் பள்ளங்கள் இருப்பதால் தலையை நேராகக் கவ்வுகின்றன. என் பெட்டியில் ஒரே ஒரு கருவியை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் இதைத்தான் வைப்பேன்.

சூடு காட்டுவது பற்றி: எஃகு போல்ட், அலுமினியப் பிரேம் என்றால் சூடு நல்ல நண்பன். அலுமினியம் எஃகைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், மரைப் பசையும் இளகும். கார்பன் அடிப்பாகம் உள்ள ஷூவிலோ பிளாஸ்டிக் பூட்டிலோ ஹீட் கன்னைக் கிட்டக் கொண்டுபோகாதீர்கள். கார்பனைப் பிடித்து வைத்திருக்கும் பிசின் கெட்டுவிடும். அங்கே ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓர் இரவு காத்திருப்பது நல்லது. டிரில் ஓட்டினாலும் விட்டு விட்டு ஓட்டுங்கள்.

கிளீட்டில் எல்லாமே தோற்றால் நான் செய்வது, 5 மிமீ பிட்டால் போல்ட்டின் தலையை மட்டும் துளைத்து எடுத்துவிடுவது. தலை போனதும் கிளீட் கையோடு வந்துவிடும். இழுவிசை விட்டுப்போவதால் மிச்சமிருக்கும் தண்டை அந்தக் குறட்டாலேயே திருகி எடுக்கலாம். அதுவும் முடியவில்லையா, பல ஷூக்களில் உள்பாதத் தட்டைத் தூக்கினால் மரை வெட்டிய உலோகத் தகடு தெரியும். அதையே மாற்றிவிடலாம்.

புதிய போல்ட் போடும்போது எல்லாவற்றிலும் கிரீஸ் தடவாதீர்கள். கிளீட் போல்ட்டுக்குக் கிரீஸ் தடவி, ஷூ நிறுவனம் சொல்லும் அளவுக்கு, பெரும்பாலும் 5-6 நியூட்டன் மீட்டர், இறுக்கினால் போதும். ரோட்டர் போல்ட்டுக்கு நடுத்தர வலிமையுள்ள நீல மரைப் பசைதான், அங்கே கிரீஸ் கூடவே கூடாது. ஸ்கேட் ஆக்சில்கள் பலவற்றில் மரையிலேயே பசை பூசி வருகிறது. அதன் மேல் எதையும் தடவாமல் அப்படியே மாட்டுங்கள்.