"குழாய் உடைந்துவிட்டது, புக்கிங்கை நீங்களே கேன்சல் செய்துவிடுங்கள்" என்று செய்தி வந்தால்

தோழிகள் சேர்ந்து முதல்முறையாக ஒரு நகரத்துக்குக் கிளம்புகிறீர்கள், ஓட்டலுக்குப் பதிலாக வாடகை வீடு எடுக்கிறீர்கள் என்றால், இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

நாங்கள் ஆறு பேர். "ஒரு தடவையாவது எங்கேயாவது போகணும்டி" என்று சொல்லிச் சொல்லியே வருடங்கள் ஓடின. இந்த முறை எப்படியோ ஆறு பேருக்கும் ஒரே வார இறுதி ஒழிந்தது. நகரின் நடுவில் மூன்று படுக்கையறை வீடு, இரண்டு இரவு. தேடியது, வசூலித்தது, என் கார்டில் கட்டியது எல்லாம் நான்தான்.

கிளம்புவதற்கு முந்தின நாள் இரவு வீட்டுக்காரரிடமிருந்து வாட்ஸப்பில் செய்தி. குளியலறைக் குழாய் உடைந்து கீழ்வீடு வரை தண்ணீர் இறங்கிவிட்டதாம். தரையில் தண்ணீர் நிற்கிற ஒரு படமும் வந்தது. "கவலைப்படாதீங்க மேடம், பக்கத்திலேயே எங்களுக்கு இன்னொரு வீடு இருக்கு. இதைவிடப் பெரிசு, வாடகையும் கம்மி. பழைய புக்கிங்கை நீங்க கேன்சல் பண்ணிடுங்க, பணம் தானா திரும்பிடும். புது வீட்டுக்கு என் கணக்குக்கே அனுப்பிடுங்க."

குழுவில் போட்டேன். ஒரே நிமிடத்தில் நான்கு கட்டைவிரல்கள். இன்னொருத்தி பெட்டி கட்டிக்கொண்டிருந்த படத்தைப் போட்டாள். எல்லாரும் சரி என்கிறார்களே, யாராவது யோசித்திருப்பார்கள் என்று நான் நினைத்தேன். நான்தானே புக் செய்தவள், விவரம் தெரியாமலா கேட்கிறேன் என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள். தனியாகப் போயிருந்தால் நிச்சயம் நான்கு கேள்வி கேட்டிருப்பேன்.

கேன்சல் பொத்தானை அழுத்துவதற்கு முன், 'திரும்பக் கிடைக்கும் தொகை' என்ற வரிக்கு எதிரே பூஜ்யம் இருந்தது. பார்த்தேன். அவரிடம் கேட்கவும் செய்தேன். "முதல்ல அப்படித்தான் காட்டும், நான் இந்தப் பக்கம் அப்ரூவ் பண்ணதும் மாறிடும்" என்றார். அழுத்திவிட்டேன்.

மோசடி முழுக்க அந்தப் பொத்தானில்தான் இருக்கிறது. வீட்டுக்காரர் கேன்சல் செய்தால் நமக்கு முழுப் பணமும் திரும்ப வர வேண்டும், அவருக்கு அபராதமும் விழலாம். நாம் கேன்சல் செய்தால், புக்கிங்கோடு நாம் ஒப்புக்கொண்ட ரத்து விதி வேலை செய்யும். கடைசி நேரத்தில் அது பெரும்பாலும் வீட்டுக்காரர் பக்கம்தான். அதனால்தான் 'நீங்களே செய்யுங்கள்' என்று அத்தனை பணிவு. குழாய் நிஜமாகவே உடைந்திருந்தால் அவரே கேன்சல் செய்யட்டும், எவ்வளவு கெஞ்சினாலும் நீங்கள் கை வைக்காதீர்கள்.

அந்த இன்னொரு வீட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 'பக்கத்தில்' என்பது காரில் முக்கால் மணி நேரம். படுக்கையறை இரண்டுதான். வாசல் கதவின் உள்பக்கத்தில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நான்கு திருகாணி ஓட்டைகள் மட்டும் இருந்தன. இரண்டு இரவும் சாப்பாட்டு மேசையை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுத் தூங்கினோம். எங்களில் ஒருத்தி விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, கேமரா இருக்கிறதா என்று புகை அலாரத்திலிருந்து சார்ஜர் வரை டார்ச் அடித்துப் பார்த்தாள். முதலில் சிரித்தோம். அப்புறம் நாங்களும் கூடவே தேடினோம்.

வீட்டை புக் செய்த தளத்தில் புகார் கொடுத்தேன். ரத்து செய்தது நீங்கள்தானே என்றார்கள். குழாய்க் கதை முழுக்க வாட்ஸப்பில் நடந்ததால் அவர்களுடைய சாட்டில் ஒரு வரி கூட இல்லை. கார்டு வங்கியும் அதையேதான் சொன்னது. இரண்டாவது தொகை, நானே விரும்பி ஒருவர் கணக்குக்கு அனுப்பியது, அதைக் கேட்க வழியே இல்லை. ஆக, தங்காத வீட்டுக்கும் தங்கிய வீட்டுக்கும் சேர்த்து இரண்டு வாடகை.

திரும்பி வந்த பிறகுதான் அந்த வீட்டின் விமர்சனங்களைக் கடைசி வரை படித்தேன். 4.7 நட்சத்திரத்தைப் பார்த்து முதல் பத்தோடு நிறுத்தியிருந்தேன். கீழே இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள்: தண்ணீர்ப் பிரச்சினை என்று சொல்லி வேறு வீட்டுக்கு மாற்றினார்கள் என்று. அந்தக் குழாய்க்கு உடைவதே வேலை போல. இத்தனைக்கும் ஏன் இரண்டே பேர்? நானும் விமர்சனம் எழுதப் போனபோது விடை கிடைத்தது. தங்குவதற்கு முன்பே ரத்தான புக்கிங்குக்கு அங்கே விமர்சனம் எழுத முடியாது. பணம் போவதோடு வாயையும் அதே பொத்தான் அடைத்துவிடுகிறது.

அதனால் நட்சத்திரத்தை விடுங்கள். குறைந்த மதிப்பெண் விமர்சனங்களை முதலில் வரிசைப்படுத்தி, 'மாற்றினார்கள்', 'வேறு வீடு' என்ற சொற்கள் வருகிறதா என்று தேடுங்கள். வீட்டுப் படங்களை கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். எங்களுக்குக் காட்டிய புது வீட்டின் வரவேற்பறை வேறொரு நகரத்தில் வேறொருவர் பெயரில் கிடைத்தது.

தளத்துக்குள்ளேயே பேசி, தளத்துக்குள்ளேயே கட்டினால் கொஞ்சமாவது பிடி இருக்கும். நாங்கள் எடுத்தது ஏர்பிஎன்பியில் இல்லை, ஆனால் உதாரணத்துக்கு அதையே எடுத்துக்கொள்வோம். வாடகையை அவர்கள் பொதுவாக நாம் நுழைந்து 24 மணி நேரம் கழித்துத்தான் வீட்டுக்காரருக்கு விடுவிக்கிறார்கள். குறையைக் கண்ட 72 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். 2024 ஏப்ரல் 30 முதல் வீட்டுக்குள் கேமராவே கூடாது என்றும் வைத்திருக்கிறார்கள். வெளியே பணம் அனுப்பினால் இதில் எதையும் காட்டிப் பேச முடியாது.

நஷ்டம் என் தலையில்தான் என்று நான் சொல்ல, ஐந்து பேரும் திட்டித் தீர்த்துவிட்டார்கள். ஆறாகப் பிரித்தாயிற்று. முதலில் அனுப்பியவள் குறிப்பில் 'குழாய் ரிப்பேர்' என்று போட்டாள், மற்ற நான்கு பேரும் அதையே போட்டுத்தான் அனுப்பியிருக்கிறார்கள்.