புரோக்கோலியா, காலிஃபிளவரா?
சத்தில் புரோக்கோலிதான் முன்னே. பச்சையாக 100 கிராமில் வைட்டமின் சி சுமார் 89 மில்லிகிராம், காலிஃபிளவரில் 48. வைட்டமின் கே 100 மைக்ரோகிராமுக்கு மேல்; காலிஃபிளவரில் 16கூட இல்லை. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையின் வேலையை வைட்டமின் கே குறைத்துவிடும்; அந்த மாத்திரை சாப்பிடுபவர்கள் அதனாலேயே புரோக்கோலியைத் திடீரெனக் கூட்டக் கூடாது. கலோரி 34, 25. எடை குறைக்க இதைப் பார்ப்பது வீண் வேலை.

காரியம் கெடுவது அடுப்பில். நிறையத் தண்ணீரில் கொதிக்கவிட்டு வடித்தால் வைட்டமின் சி பாதி அதோடு போய்விடும். ஆவியில் 3–4 நிமிடம் போதும். பச்சை மங்கிப் பழுப்பேறினால் கைமீறிவிட்டது. தண்டை எறியாதீர்கள், தோல் சீவினால் பூவைவிட இனிப்பு. உறையவைத்த பாக்கெட்டில், வெந்நீரில் முக்கியெடுக்கும்போதே உடலுக்கு நல்லதென்று கருதப்படும் சல்ஃபோரஃபேன் என்ற சேர்மத்தை உண்டாக்கும் நொதி பெரும்பாலும் செயலிழந்துவிடும். பரிமாறும்போது அதே வகை நொதி உள்ள கடுகுப்பொடி ஒரு சிட்டிகை தூவினால் ஓரளவு ஈடாகும்.