ஜிசானா, கோட்லின்எக்ஸ் சீரியலைசேஷனா: கோளாறு எப்போது கண்ணில் படுகிறது?

முழுக்கக் கோட்லின் நிரல்மொழியில் எழுதப்பட்ட ஓர் ஆண்ட்ராய்டு ஆர்டர் செயலிக்காக, நிரலில் உள்ள ஆப்ஜெக்டை ஜேசனாக (தரவைச் சாவி, மதிப்பு இணைகளாக எழுதும் உரை வடிவம்) மாற்றும் லைப்ரரி ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. 2008-இல் கூகுள் வெளியிட்ட ஜிசான், ஸ்கொயர் நிறுவனத்தின் மோஷி, ஜெட்பிரெயின்ஸின் கோட்லின்எக்ஸ் சீரியலைசேஷன் ஆகிய மூன்றையும் பார்த்துவிட்டு, மூன்றாவதை எடுத்துக்கொண்டேன். சாதாரண செயலியில் வேகத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. எழுதும் எளிமையில் மூன்றுமே ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே என் முடிவைத் தீர்மானித்தது ஒரே ஒரு கேள்வி: மாற்றத்தில் கோளாறு நேர்ந்தால் அது கம்பைலரிடம் (எழுதிய நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும் கருவி) சிக்குகிறதா, வாடிக்கையாளரின் கைப்பேசியில் வெளிப்படுகிறதா?

ஜிசான், செயலி ஓடும்போது ரிஃப்ளெக்ஷன் (நிரல் தன் அமைப்பைத் தானே ஆராயும் வசதி) மூலம் கிளாஸின் ஃபீல்டு பெயர்களைப் படித்து, அவற்றையே ஜேசனின் சாவிகளாக எழுதுகிறது. டீபக் பில்டில் (சோதனைக்கான பதிப்பு) 'நேம்', 'குவான்டிட்டி' என்று சரியாகச் செல்லும் அதே ஆப்ஜெக்ட், ஆர்8 என்ற சுருக்கும் கருவி பெயர்களைச் சுருக்கிய ரிலீஸ் பில்டில் (பயனருக்குச் செல்லும் பதிப்பு) 'ஏ', 'பி' என்ற சாவிகளோடு சர்வரைச் சென்றடையக்கூடும். செயலி எந்தப் பிழையும் காட்டாது. தேவையான ஃபீல்டு இல்லை என்று சர்வர்தான் மறுக்கும். டீபக்கில் சரி, ரிலீஸில் கோளாறு என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். ஒவ்வொரு ஃபீல்டுக்கும், ஜேசனில் அதன் பெயரை நிலையாகக் குறிக்கும் சீரியலைஸ்டுநேம் அன்னொட்டேஷன் (நிரலில் இடும் குறிப்பு) இட வேண்டும், அல்லது பெயர்களை மாற்றாதே என்று ஆர்8-க்குச் சொல்லும் கீப் விதியை அந்த கிளாஸுக்கு எழுத வேண்டும். ஜிசானின் பிந்தைய பதிப்புகள் சில விதிகளைத் தாமே கொண்டு வந்தாலும், அன்னொட்டேஷன் இல்லாத ஃபீல்டின் பெயரை அவை காப்பாற்றுவதில்லை.

இதைவிடக் கண்டுபிடிக்கக் கடினமானது இன்னொன்று. ஆர்க்யுமென்ட் (உள்ளீட்டு மதிப்பு) இல்லாத கன்ஸ்ட்ரக்டர் (ஆப்ஜெக்டை உருவாக்கும் பகுதி) கிளாஸில் இல்லையென்றால், ஜிசான் கன்ஸ்ட்ரக்டரை அழைக்காமலேயே ஆப்ஜெக்டை உருவாக்கிவிடுகிறது. அதனால், குவான்டிட்டிக்கு நாம் கொடுத்த இயல்பு மதிப்பு 1 என்றாலும், ஜேசனில் அந்தச் சாவி இல்லாதபோது அது 0 ஆகிறது. நல் (மதிப்பே இல்லாத நிலை) ஆகவே கூடாது என்று அறிவித்த ஸ்ட்ரிங், நல் ஆகவே உள்ளே உட்கார்ந்துகொள்கிறது. ஜேசனைப் படித்த இடத்தில் எதுவும் உடையாது. வேறு ஏதோ ஒரு திரையில், அந்த ஸ்ட்ரிங்கைத் தொடும் வரியில் செயலி நின்றுபோகும். பிழை எழுந்த வழியைக் காட்டும் ஸ்டாக் டிரேஸில் ஜிசானின் பெயரே இருக்காது.

கோட்லின்எக்ஸ் சீரியலைசேஷனில் மாற்றும் நிரல் கம்பைல் செய்யும்போதே உருவாகிவிடுகிறது. ஃபீல்டுகளில் ஒன்று ஜாவாவின் டேட் வகையாக இருந்து, அதை ஜேசனாக மாற்றும் சீரியலைசர் இல்லையென்றால் பில்டே நின்றுவிடும். சாவிகளின் பெயர்களும் அப்போதே எழுதப்பட்டுவிடுவதால் ஆர்8 அவற்றைத் தொடுவதில்லை. கட்டாய ஃபீல்டு ஜேசனில் இல்லையென்றால், படிக்கும் இடத்திலேயே, எந்த ஃபீல்டு என்று பெயரைச் சொல்லிப் பிழை எழும். பராமரிப்பில் இதற்கு ஈடான வசதி வேறில்லை என்பதே என் உறுதியான கருத்து.

இதிலும் சிக்கல்கள் உண்டு. இயல்பு மதிப்பிலேயே இருக்கும் ஃபீல்டை இது ஜேசனில் எழுதாது. பேமென்ட் ஃபீல்டின் இயல்பு மதிப்பு 'கேஷ்' என்று வைத்து, பயனர் அதையே தேர்ந்தெடுத்தால், அந்தச் சாவியே சர்வருக்குப் போகாது. ஜிசானிலிருந்து மாறுபவர்களை முதலில் திகைக்க வைப்பது இதுதான். என்கோட்டீஃபால்ட்ஸ் அமைப்பை ட்ரூ ஆக்கினால் சரியாகிவிடும். சர்வர் புதிய சாவி ஒன்றைச் சேர்த்தாலும் பிழை எழும். இக்னோர்அன்நோன்கீஸை ட்ரூ ஆக்க வேண்டும். ஃபீல்டை விலக்கி வைக்க இடப்படும் டிரான்சியன்ட் என்ற பெயரில் இரண்டு அன்னொட்டேஷன்கள் இருப்பதால், இம்போர்ட் வரியையும் பார்த்துக்கொள்ள வேண்டும்: ஜேவிஎம் (ஜாவா நிரல்களை ஓட்டும் தளம்) உடையதை இட்டால் அந்த ஃபீல்டு ஜேசனில் போய்க்கொண்டேதான் இருக்கும். ஆனால் சர்வர் பின்னாளில் சேர்க்கும் சாவியைத் தவிர, இவையெல்லாம் டீபக் பில்டிலேயே தெரிந்துவிடுகின்றன.

மோஷியைச் சிறிய செயலி ஒன்றில் மட்டுமே பயன்படுத்தியிருப்பதால் அதைப் பற்றி அழுத்திச் சொல்ல மாட்டேன். மாற்றும் நிரலை முன்கூட்டியே உருவாக்கும் கோட்ஜென் முறையில் அது கோட்லினின் இயல்பு மதிப்புகளையும் நல் விதிகளையும் மதிக்கிறது. இயல்பு மதிப்புகளை விடாமல் எழுதவும் செய்கிறது. ஜாவா கிளாஸ்கள் கலந்த பழைய செயலியென்றால் அதையே பரிந்துரைப்பேன், ஏனெனில் கோட்லின்எக்ஸின் அன்னொட்டேஷன் ஜாவா கிளாஸில் வேலை செய்யாது. ஆண்ட்ராய்டுக்கு ஜிசானைப் பரிந்துரைக்கவில்லை என்று ஜிசானின் அறிமுகக் குறிப்பே சொல்வதையும் கவனத்தில் கொள்ளலாம்.

ஜிசானிலிருந்து மாறுபவர்கள், ஷேர்டு பிரிஃபரென்ஸஸில் (கைப்பேசியில் சிறு தரவைச் சேமிக்கும் ஆண்ட்ராய்டு வசதி) ஏற்கெனவே சேமித்த ஜேசனை முதலில் ஆராய வேண்டும். பெயர் சுருக்கப்பட்ட பில்டு அதை எழுதியிருந்தால், 'ஏ', 'பி' என்ற சாவிகளே பயனரின் கைப்பேசியில் இருக்கும். ஆர்8 எந்தப் பெயரை எப்படிச் சுருக்கியது என்று பதிவு செய்யும், அந்தந்தப் பதிப்பின் மேப்பிங் கோப்பைக் கொண்டு எந்தச் சாவி எந்த ஃபீல்டு என்று கண்டறிந்து, பழைய சாவிகளை ஜேசன்நேம்ஸ் அன்னொட்டேஷனில் மாற்றுப் பெயர்களாகக் கொடுக்கலாம். பதிப்புக்குப் பதிப்பு எழுத்துகள் இடம் மாறியிருந்தால், அந்தச் சேமிப்பை அழித்துவிட்டுச் சர்வரிலிருந்து மீண்டும் பெறுவதே பாதுகாப்பு.