கன்னியாகுமரியில் சனிக்கிழமை ரூம்: தள்ளுபடி ஆப் எதற்கு உதவும், எங்கே கைவிடும்

ரூம் புக் செய்யும் ஆப்பில் ஒரு நாள் பகல் 12 மணிக்குத் தொடங்குகிறது. கன்னியாகுமரிக்கு வருகிறவர்களுக்கோ விடியற்காலை 5 மணிக்கே தொடங்கிவிடும். ரிசப்ஷனில் நடக்கிற தகராறுகளில் பெரும்பாலானவற்றுக்கு மூலகாரணம் இந்த ஏழு மணி நேரம்தான்.

எழும்பூரில் மாலை கிளம்பும் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் மறுநாள் காலையில் கொண்டுவந்து இறக்கும். வெள்ளிக்கிழமை வண்டி ஏறுகிறவர் ‘சனி முதல் ஞாயிறு’ என்று புக் செய்திருப்பார். சாவி கைக்கு வருவது சனி பகல் 12-க்கு. அதற்குள் குளித்து, பகவதி அம்மனைக் கும்பிட்டு, 8 மணிக்குத் தொடங்கும் படகுக்கு வரிசையில் நிற்க வேண்டும் என்பதுதானே கணக்கு? அரை நாள் வாடகை கூடக் கொடுத்தால் சாதாரண நாளில் முன்கூட்டியே ரூம் தருவார்கள். சனிக்கிழமை அதுவும் நடக்காது. முந்தின ராத்திரிக்காரர் உள்ளே தூங்கிக்கொண்டிருப்பார். சில லாட்ஜ்களில் 24 மணி நேரக் கணக்கு உண்டு: காலை 6-க்கு நுழைந்தால் மறுநாள் காலை 6-க்குக் காலி செய்தால் போதும். ஆனால் அது நேரில் வருகிறவர்களுக்கு மட்டும் என்பார்கள். பணம் கட்டுமுன் போன் போட்டு, “ஆன்லைன் புக்கிங்குக்கும் 24 மணி நேரமா?” என்று கேளுங்கள். இல்லையென்றால் பெட்டி வைக்க இடமும் குளிக்க ஒரு பொது பாத்ரூமும் உண்டா என்பது அடுத்த கேள்வி.

விலைக்கு வருவோம். 3,500-ஐ அடித்துவிட்டு 1,899 என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடித்த விலையை மறந்துவிடுங்கள். தேதியை அடுத்த செவ்வாய்க்கிழமைக்கு மாற்றிப் பாருங்கள்; அங்கே தெரிவதுதான் அந்த ரூமின் அசல் மதிப்பு. பிறகு கடைசிப் பக்கம் வரை போய்க் கூட்டுங்கள்: 1,899, ஜிஎஸ்டி 95, தளத்தின் சேவைக் கட்டணம் 150, மூன்றாவது ஆளுக்கு மெத்தை 600 என்றால் 2,744 ஆகிவிட்டது. (7,500 ரூபாய் வரையுள்ள ரூமுக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம், அதற்கு முன் 12.) கூப்பன் போட்டால் விலை குறையும்தான். ஆனால் கூப்பன் விலை பல நேரம் பணம் திரும்பாத புக்கிங்குக்கு மட்டுமே. தளங்கள் ஓட்டலிடம் கமிஷன் வாங்குகின்றன; அதனால் ஆப்பில் பார்த்த விலையைச் சொல்லி நேரே பேரம் பேச எப்போதும் இடமிருக்கிறது.

‘சீ வியூ’ என்ற சொல்லை மட்டும் நம்பிப் பணம் கூடக் கொடுக்க வேண்டாம். இங்கே மூன்று பக்கமும் கடல்; மொட்டைமாடியில் எட்டிப் பார்த்தால் தெரிவதும் சீ வியூதான். சூரியோதயம் பார்க்கவா ரூம் எடுக்கிறீர்கள்? ஜன்னல் கிழக்கு நோக்கியதா, எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா என்று கேளுங்கள். ஓட்டல் போட்ட படங்களை விடுங்கள். தங்கியவர்கள் போட்ட படத்தில் வள்ளுவர் சிலை எந்தக் கோணத்தில் தெரிகிறது, ரூமுக்குள்ளிருந்து எடுத்ததற்கு அடையாளமாக ஜன்னல் கம்பியும் தெரிகிறதா என்று பாருங்கள்.

சனிக்கிழமை நடக்கிற பெரிய கோளாறு, “உங்க பேர்ல புக்கிங்கே வரலையே” என்பது. சிறிய லாட்ஜ்கள் ஒரே ரூமை மூன்று நான்கு தளங்களில் போட்டிருக்கும். ஒன்றில் விற்றதும் மற்றவற்றில் கையால் மூட வேண்டும். மண்டல காலத்தில் வேன் வேனாக வரும் ஐயப்ப பக்தர்களுக்கு நடுவே அதற்கு யாருக்கு நேரம்? வாசலில் ரொக்கத்தோடு நிற்பவருக்கு அந்த ரூம் போய்விடும். புக் செய்த அன்றும், போய்ச் சேர்வதற்கு முந்தின நாளும் போன் செய்து, புக்கிங் எண்ணைச் சொல்லி, ரெஜிஸ்டரில் பெயர் ஏறியதா என்று உறுதிசெய்யுங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு வரி வாங்கி வையுங்கள். அப்படியும் ரூம் இல்லை என்றால், “நீங்களே கேன்சல் பண்ணிடுங்க, பணம் வந்துடும்” என்பதை மட்டும் கேட்காதீர்கள். நீங்கள் ரத்து செய்ததாகப் பதிவானால் பணம் போச்சு. ரிசப்ஷனில் நின்றபடியே தளத்தின் உதவி எண்ணைக் கூப்பிட்டு, ரூம் இல்லை என்பதை லாட்ஜ்காரரையே அவர்களிடம் சொல்ல வையுங்கள்.

கிறிஸ்துமஸிலிருந்து பொங்கல் வரை, சித்ரா பௌர்ணமி, மே மாத சனிக்கிழமைகள்: இந்த நாட்களில் ஊருக்குள் மலிவு தேடுவது வீண். சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி நாகர்கோவிலில் தேடுங்கள். கடல் தெரியாது, ரூம் கிடைக்கும். கன்னியாகுமரிக்கு டவுன் பஸ் அடிக்கடி உண்டு என்றாலும், சூரியோதயத்துக்குப் போக முந்தின ராத்திரியே டாக்ஸி பேசிவிடுங்கள். ரூமிலிருந்து 5 மணிக்குள் கிளம்பினால் சரியாக இருக்கும்.