இலைப்புள்ளிக்கு லேபிள் இல்லாத மருந்து விக்கிறாங்க, வாங்கிடாதீங்க

ஆன்லைன்ல இன்டோர் செடி வாங்குறவங்க இத ஒரு தடவ படிச்சிட்டு ஆர்டர் பண்ணுங்க. ஒரு விற்பனையாளர்கிட்ட ஆந்தூரியம் வாங்குனேன், பேரு போடல, ஏன்னா இதே வேலைய பண்றவங்க நெறைய பேர் இருக்காங்க. பார்சல் பிரிச்சப்போ இலையெல்லாம் அநியாயத்துக்குப் பளபளன்னு இருந்துச்சு. ஈரத்துணி வச்சு தொடச்சா வழவழன்னு ஒரு கோட்டிங் கையில ஒட்டுது, இலைய பளபளப்பாக்குற லீஃப் ஷைன அள்ளிப் பூசி அனுப்பியிருக்காங்க. அதுக்கு அடியில பாத்தா ஓரம் பூரா புள்ளி. இலைய திருப்பி வெளிச்சத்துல பிடிச்சா எண்ணெய் பட்ட பேப்பர் மாதிரி அந்த எடம் மட்டும் ஊடுருவித் தெரியுது, சிலது நடுவுல பிரவுன் ஆகி சுத்தி மஞ்சள் வளையம் போட்டிருந்துச்சு.

போட்டோ எடுத்து அனுப்புனேன். "கொரியர்ல வந்த ஷாக்குங்க, எங்ககிட்டயே மருந்து இருக்கு, அடிச்சா புள்ளி மறைஞ்சிடும்"னு பதில் வந்துச்சு. அந்த மருந்த காசு குடுத்து வாங்கி அடிச்சாதான் செடி மாத்திக் குடுக்குறது பத்தியே பேசுவோம்னு ஒரு கண்டிஷன் வேற. வந்த பாட்டில்ல என்ன மருந்துன்னு இல்ல, எத்தன சதவீதம்னு இல்ல, பேட்ச் நம்பர் தயாரிச்ச தேதி எதுவும் இல்ல, ஒரு இலைப் படம் போட்ட ஸ்டிக்கர், அதுல "எல்லா நோய்க்கும்"னு மட்டும். காலையும் சாயங்காலமும் செடி நனைய நனைய அடிக்கணுமாம், ஈரப்பதத்துக்கு மத்த செடிங்கள பக்கத்துல நெருக்கி வைக்கணுமாம்.

இது எவ்வளவு மோசமான யோசனைன்னா, ஆந்தூரியத்துல இந்த மாதிரி புள்ளி வந்தா மொதல்ல சந்தேகப்பட வேண்டியது சாந்தோமோனாஸ்ங்கிற பாக்டீரியாவ. இலை ஓரத்துல விடிகாலைல முத்து முத்தா நிக்கிற தண்ணி வழியாத்தான் அது பெரும்பாலும் உள்ள போகும், அதனாலதான் புள்ளி ஓரத்துல ஆரம்பிக்குது, தண்ணி தெறிச்சா அப்படியே அடுத்த இலைக்கும் அடுத்த தொட்டிக்கும் போயிடும். 1980-கள்ல ஹவாய்ல ஆந்தூரியம் பண்ணைகள இதே நோய்தான் போட்டுத் தாக்குச்சு. தண்டுக்குள்ள ஏறிட்டா அந்தச் செடிய காப்பாத்த மருந்தே கிடையாது, நமக்கு மட்டும் ஸ்டிக்கர் ஒட்டுன பாட்டில்ல வந்துடுச்சாம்!

அந்த மருந்த அடிச்சு என்ன ஆச்சுன்னா, புள்ளியெல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேந்து இலைக்காம்பு மஞ்சளாகி, தொட்டாலே கழண்டு வர ஆரம்பிச்சுது, பக்கத்துல வச்சிருந்த சிங்கோனியம் செடியிலயும் அதே எண்ணெய்ப் புள்ளி. பணத்த திருப்பிக் கேட்டா "தண்ணி ஜாஸ்தி ஊத்திட்டீங்க"ன்னு ஒரு வரி, அப்புறம் பிளாக்.

எந்த மருந்து அடிச்சாலும் வந்த புள்ளி மறையாதுங்க, செத்த திசு திரும்ப பச்சையாகாது. புள்ளி மறையும்னு எவனாவது சொன்னா அங்கேயே பேச்ச நிறுத்திடுங்க. காப்பர் ஆக்ஸிகுளோரைடுங்கிற செம்பு மருந்து கூட இன்னும் நல்லா இருக்குற இலைக்குப் பரவாம தடுக்கத்தான், அதுவும் லேபிள்ல சொன்ன அளவுல, ஏன்னா அளவு கூடுனா இலை கருகும். மேங்கோசெப் பூஞ்சைக்கான மருந்து, தனியா அடிச்சா பாக்டீரியாவ பெருசா ஒண்ணும் பண்ணாது, அதனால எதுன்னு தெரியாம அடிக்கிறது தண்டம். பூஞ்சைப் புள்ளி பெரும்பாலும் காஞ்சு பேப்பராட்டம் இருக்கும், ஆந்த்ராக்னோஸ்ங்கிற பூஞ்சை நோயா இருந்தா வளையம் வளையமா, உத்துப் பாத்தா பொடிப் பொடியா கருப்புப் புள்ளி தெரியும். டிரசீனா, ஸ்பைடர் பிளான்ட்ல நுனி மட்டும் காயுறது பல நேரம் நோயே இல்ல, தண்ணில இருக்குற ஃப்ளோரைடு, உப்பு பிரச்சனை. அதுக்கும் இதே பாட்டிலத்தான் தலைல கட்டுவாங்க.

வேலைக்கு ஆகுறது எல்லாம் காசில்லாத விஷயம்தான்: புது செடிய ரெண்டு மூணு வாரமாவது தனியா வைக்கிறது, தண்ணிய மண்ணுல மட்டும் ஊத்துறது, அதுவும் காலைல, தொட்டிங்களுக்கு நடுவுல காத்து போக எடம் விடுறது, புள்ளி உள்ள இலைய இலை காஞ்சிருக்கும்போது வெட்டுறது, ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தரிய 70% ஆல்கஹால்ல தொடைக்கிறது. வாங்குறதுக்கு முன்னாடி இலையோட அடிப்பக்கம் போட்டோ கேளுங்க, பார்சல் பிரிக்கிறத வீடியோ எடுத்து வைங்க. என்கிட்ட அந்த வீடியோ இருந்ததாலதான் பேமென்ட் கம்பெனி புகாரயே எடுத்துக்கிட்டாங்க, முடிவு இன்னும் வரல.

ஆந்தூரியத்தையும் சிங்கோனியத்தையும் மண்ணோட கவர்ல கட்டி குப்பைல போட்டுட்டேன். உரக்குழில போடாதீங்க, தொட்டிய திரும்ப யூஸ் பண்றதா இருந்தா மண் எதுவும் ஒட்டாம கழுவி, ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒம்பது பங்கு தண்ணி கலந்து ஊற வச்சு அலசிட்டு எடுங்க.